பிரஷர் மாத்திரை என்று சொன்னவர்

நாற்பது வருஷமாகக் கதவும் சன்னலும் செய்கிறவர் அவர். பலகையை ஒற்றைக் கண்ணால் பார்த்து "கோணல்" என்றால், மட்டம் வைத்துப் பார்த்தாலும் கோணலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட மனிதர் மூன்று வருஷமாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார். வீட்டில் கேட்டதற்கு, "பிரஷருக்கு" என்று சொல்லி வைத்திருந்தார். குடும்பத்தின் மூத்தவன் மனசு உடைந்து வைத்தியத்துக்குப் போனான் என்று நாலு பேர் பேச இடம் கொடுப்பதா?

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இவருடைய பொய்க்குக் கால் முளைத்து அவரையே உதைத்தது. மருத்துவ முகாமில் பிரஷர் பார்த்த நர்ஸ், "இருபது வயசுப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்புறம் எதுக்கு மாத்திரை? தின்ன வரைக்கும் போதும்!"

மாத்திரை அட்டை குப்பைக்குப் போனது. திருடனுக்குத் தேள் கொட்டியது போல அவர் வாயை மூடிக்கொண்டார். புதிதாக வாங்கியிருக்கலாம். விட்டுத்தான் பார்ப்போமே என்ற வீறாப்பு தடுத்தது.

மூன்றாம் நாள் கோளாறு தொடங்கியது. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் சொடுக்கியது. தரை படகு போல ஆடியது. ஓர் ஆணி கைதவறி விழுந்ததற்கு அழுகை வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பழைய நோய் திரும்பிவிட்டது, இனி மீட்சியில்லை என்று பயந்தார்.

ஆறாம் நாள், நூல் பிடித்தாற்போல் நேரான பலகையைக் கோணல் என்று திருப்பி அனுப்பினார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூடவே வேலை செய்யும் தம்பி அருகே வந்தான்.

"அண்ணா, வாயை ஊதுங்க."

"என்னடா?"

"ஊதுங்கண்ணா. பட்டறை முழுக்கப் பேச்சு. இந்த வயசுல ஆரம்பிச்சுட்டீங்களோன்னு."

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். குடிகாரன் என்ற பெயரா, பைத்தியம் என்ற பெயரா? மூதாதையர் யாருக்கும் இல்லாத கெட்ட பெயரை, அதுவும் செய்யாத குற்றத்துக்கு, சுமக்க அவர் தயாராக இல்லை.

"குடிக்கலைடா. அது பிரஷர் மாத்திரை இல்லை. மனசு சரியில்லாம சாப்பிட்டது. நிறுத்தினதிலேர்ந்து இப்படி. பழையபடி ஆயிட்டேன்னு நினைக்கிறேன்."

மனைவி வெடித்தாள்.

"அட மனுஷா! மருந்தை என் கையாலேயே தூக்கிப் போட வச்சுட்டீங்களே!"

அரை மணி நேரத்தில் மூவரும் மருத்துவர் முன்னால் இருந்தார்கள். மருத்துவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"தலைக்குள்ள சொடுக்குதா? நிறுத்தி ரெண்டு மூணு நாள்லயே ஆரம்பிச்சுதா? இது பழைய நோய் இல்லைங்க. இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா உடம்பு முரண்டு பிடிக்கும். மறுபடி தொடங்கி, மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். அப்புறம் முழுசா விட்டுடலாம்."

"அப்போ எனக்குப் புத்தி..."

"நல்லா இருக்கு. கேட்காம நிறுத்தினது மட்டும்தான் தப்பு."

ஆறு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை அவர் மெதுவாக விட்டார்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான். "பட்டறையில என்னண்ணா சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லு. நம்ம வீட்டுல குடி கிடையாதுன்னும் சேர்த்துச் சொல்லு."

"இனிமே பொய் சொல்றதா இருந்தா, என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

படியிறங்கும்போது தலை மறுபடியும் சொடுக்கியது. தெருவே பார்க்கட்டும் என்று மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் சிரித்தார்.