வாவிக்கு ஒரு செபமாலை

தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில் மட்டக்களப்பு வாவியில் குளித்தவர்களுக்கெல்லாம் நிறம் ஏறியது. பாதிப்பேருக்கு ஊதா, மீதிப்பேருக்குச் சிவப்பு. வாவிக்கரை ஆய்வுகூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பெயர் தெரியாத கிருமிகளுக்குச் சாயமேற்றி இன்னதென்று கண்டுபிடித்துவந்த பீற்றிஸுக்கு இதில் ஆச்சரியமில்லை. சாயம் கழுவிய தண்ணீர் அத்தனை வருடமும் கழிவுநீர்க் கான் வழியே வாவிக்குத்தான் போனது. வாவியும் வேலை பழகிவிட்டது, அவ்வளவுதான். முதலில் ஊதாச் சாயம், அது பிடிக்க அயடீன், பிறகு ஸ்பிரிட் விட்டுக் கழுவி, கடைசியில் சிவப்பு. சுவர் தடித்த கிருமி ஊதாவை விடாது. சுவர் மெலிந்தது அதை விட்டுவிட்டுச் சிவப்பை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிட் இருபது விநாடிதான் நிற்கலாம். மணிக்கூட்டுக்கு பற்றறி கிடைக்காத காலம் என்பதால், ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடித்துத் தண்ணீர் விடுவாள்.

மூன்றாம் நாள் பாலத்தடிச் சாவடி இராணுவம், ஊதாதான் இயக்கக்காரரின் அடையாளம் என்று ஊதாக்காரர்களைப் பிடிக்கத் தொடங்கியது. செட்டிபாளையத்தில் மீன்பிடித்த அவள் தம்பி லூர்துவும் அகப்பட்டான். அதற்கு முன் இராணுவம் கொண்டுபோனவர்கள் திரும்பியதில்லை. பீற்றிஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கப்டனிடம் ஓடிப்போய், நிறம் சுவரைத்தான் சொல்லும், நல்லது கெட்டது சொல்லாது என்று விளக்கினாள். மொழிபெயர்ப்பவன் அதைக் கப்டனுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவர் பதிலைச் சொன்னான்: "சுவர் தடிச்ச ஆக்களத்தான் ஐயாவும் தேடுறாராம்."

பீற்றிஸ், "அப்ப இன்னொருக்காச் செஞ்சி பாக்கோணும். பிழையாப் போனா ஆரு பொறுப்பு?" என்றாள்.

கப்டன் சம்மதித்தார்; ஸ்பிரிட் இல்லாததால் கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒன்பது தோணி நிறையக் கள்ளச்சாராயம், கசிப்பு, வந்தது. பிடிபட்டவர்களைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கினார்கள். யாரும் நீந்தித் தப்பாதிருக்கக் காவலாட்களும் கப்டனும் கூடவே இறங்கினார்கள். கசிப்பை ஊற்றச் சொல்லிவிட்டு பீற்றிஸ் செபமாலையை எடுத்தாள். ஒரு மரியேயுடன் நிறுத்தவில்லை. மாலையிலுள்ள ஐம்பத்துமூன்றையும் அவசரமில்லாமல் சொன்னாள். புதிதாகப் படிக்க வருபவர்கள் விடும் பிழை இது: ஸ்பிரிட் கூடிப்போனால் எந்தத் தடித்த சுவரும் ஊதாவைப் பிடித்துவைக்காது. பிறகு சிவப்புச் சாயப் போத்தலைக் கவிழ்த்தாள்.

கரையேறியவர்கள் எல்லாரும் சிவப்பு. லூர்து சிவப்பு, காவலாட்கள் சிவப்பு. கப்டன் தன் கைகளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அந்த நிறம் பிறகு போகவேயில்லை. அடுத்த வருடம் லூர்து அடையாள அட்டைக்குப் படம் பிடித்தான். கறுப்பு வெள்ளைப் படம். பாலத்தடியில் ஒரு சிவந்த கை அதை வாங்கிப் பார்த்து, இன்னொரு சிவந்த கையில் திருப்பிக் கொடுத்தது.