வலது பின்சக்கரம்

பதினோரு வருடம் குடோனுக்குள் நின்ற காரை மகாராணி வெளியே எடுத்து முழுசாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்க மாட்டாள். அதற்குள் அதைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு வந்துவிட்டது. பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன் வீரையா.

அப்பாவின் கறுப்பு அம்பாசிடர் அது. "காரு மகாராணிக்கு" என்று வீட்டில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். வீரையா மறுத்துப் பேசவில்லை. மழை விடட்டும், ஏலக்காய் சீசன் முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருடத்தைக் கடத்தினார். இப்போது குடோனைக் காலி செய்யவேண்டி வந்ததும், தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேனியில் பழைய இரும்பு வாங்குகிறவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை வந்து வெட்டி ஏற்றிக்கொண்டு போவானாம். விஷயம் தெரிந்து மகாராணி வாசலில் வந்து நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நாலு பேர் முன்னால் அண்ணனுக்கு வேறு வழியில்லை.

"சனிக்கெழமைக்குள்ள வண்டி போடிமெட்டு மலை ஏறுச்சுன்னா ஒனக்கு. ஏறலையா, காயலான் கடைக்கு" என்றார்.

மெக்கானிக் ராஜ்கமல் மூன்று நாள் மெனக்கெட்டான். டேங்கைக் கழுவினான், பிரேக்கைப் பிரித்து மாட்டினான், நாலு டயரையும் புதுசாகப் போட்டான். வெள்ளிக்கிழமை இன்ஜின் பிடித்துக்கொண்டது. மகாராணி ஓட்டிக்கொண்டு போனாள். வேகம் முப்பதைத் தொட்டதும் பின்னாலிருந்து ஓர் ஊளை கிளம்பியது. ஐம்பதில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் வீரையா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "கிரவுன் போச்சு. நேத்து வரைக்கும் நல்லா நின்ன வண்டி! தாறுமாறா கியரைப் போட்டு அறுத்துட்டியே தாயி."

நல்லா நின்ற வண்டியாம். நிற்கிற வண்டி எது நல்லா நிற்காது? மகாராணி ஒன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இன்றுவரை ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை. அவளைப் பார்த்து கியர் போடத் தெரியாதவள் என்று சொன்னால் பற்றிக்கொண்டு வராதா?

ராஜ்கமலும் தலையைச் சொறிந்தான். "கிரவுன் மாதிரிதாக்கா இருக்கு. நாளைக்குள்ள சாமான் கெடைக்காது."

கிரவுன் என்பது பின் ஆக்சிலுக்கு நடுவே இருக்கும் பெரிய பல்சக்கரம். இன்ஜினின் இழுவையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அதுதான். போடியில் எந்த வண்டிக்குப் பின்னால் சத்தம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கிரவுன் என்பார்கள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டுப் பேரை ஏற்றி தினமும் மெட்டு ஏறினால் கிரவுன் தேயத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தில், பதினோரு வருடம் ஓர் அடி நகராத காருக்கும் அதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்.

"நீ பின்சீட்டுல ஏறி காதைக் கீழ வையி. நான் ஓட்டுறேன்" என்றாள் மகாராணி.

சிலமலைக்குப் போகும் ரோட்டில் ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து அறுபதுக்கு விரட்டினாள். ஊளை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அதே ஊளை. நியூட்ரலில் போட்டு இன்ஜினை அதன் பாட்டுக்கு விட்டாள். அப்போதும் அதே ஊளை, ஒரு இம்மி மாறவில்லை.

"கிரவுனா இருந்தா இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம் வரும்லடா?"

"ஆமாக்கா" என்று பின்னாலிருந்து ஈனக்குரலில் பதில் வந்தது. ஊரோடு சேர்ந்து தானும் சொல்லிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கம்.

ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். ஊளை பெருத்தது. வலப்பக்கம் ஒடித்தாள். அடங்கியது.

"இடது சக்கரத்து பேரிங்குதேன்!" என்று எழுந்து உட்கார்ந்தான் ராஜ்கமல்.

"அவசரப்படாத. நான் வேனை இடப்பக்கம் ஒடிச்சா புள்ளைக எல்லாம் எந்தப் பக்கம் சரியுதுக?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "வலப்பக்கம்."

"அப்ப கனம் எதுமேல விழுகுது?"

பட்டறைக்கு வந்து பின்பக்கத்தைத் தூக்கி ஜாக்கி கொடுத்தார்கள். மகாராணி ஒரு கையால் இடது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையை ஆக்சிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வலது சக்கரத்துக்கு வந்து அதேபோலச் சுற்றினாள். ஸ்பிரிங் வழியாக ஒரு நடுக்கம் அவள் உள்ளங்கைக்கு ஏறியது. மண் விழுந்த மாவை அரைக்கிறமாதிரி நறநறவென்றிருந்தது.

கழற்றிப் பார்த்தபோது பேரிங்குக்குள் கிரீஸ் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தான் ராஜ்கமல். ஒரு பக்கத்தில் மட்டும், குண்டுகள் உட்கார்ந்திருந்த இடத்திலெல்லாம் துருவேறி வரிசையாகப் பள்ளம்.

"ஒரே எடத்துல ரொம்ப நாளு கனம் தாங்கியிருக்குக்கா. ஆனா சும்மா நின்ன வண்டிக்கு ஏது இம்புட்டுக் கனம்? அதுவும் ஒரு பக்கம் மட்டும்?"

மகாராணி போய்ப் பின்சீட்டைத் தூக்கினாள். ஏலக்காய் மணம் குப்பென்று அடித்தது. அடியில் பச்சை மாறாத எட்டு எம்எம் காய்கள் சிதறிக் கிடந்தன, எல்லாம் முதல் தரம். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருடா வருடம் சீசன் காயை ஏலத்துக்கு விடாமல், விலை ஏறட்டும் என்று அண்ணன் மூட்டை மூட்டையாகக் காருக்குள்தான் பதுக்கியிருக்கிறார். எலி நுழையாது, ஈரம் தட்டாது, சாவி அவர் இடுப்பில். காரின் இடது பக்கம் சுவரை ஒட்டி நின்றதால் வலது கதவு வழியாகத்தான் ஏற்றமுடியும். உள்ளே தள்ள யாருக்குப் பொறுமை? எல்லாம் வலது பக்கமே குவிந்திருக்கிறது. காய் சீசன் முடியட்டும், முடியட்டும் என்று அவளைத் திருப்பி அனுப்பியது இதற்குத்தான்.

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. அதை ஆத்திரம் முந்திக்கொண்டது. என் காரை ஏலக்காய்ப் பெட்டியாக்கி, அதை உடைத்த பழியையும் என் தலையில் போடுவாரா? "மதுரைக்குப் போனைப் போடு. பேரிங்கு காலையில மொத பஸ்சுல வந்தாகணும்" என்றாள்.

வந்தது. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இரும்புக்காரன் கேஸ் கட்டரோடு வந்து இறங்கியபோது ராஜ்கமல் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். மகாராணி பழைய பேரிங்கை அண்ணன் கையில் கொடுத்தாள்.

"சுத்திப் பாருண்ணே. இது நான் போட்ட கியரா, நீ போட்ட மூட்டையா?"

வீரையா சுற்றிப் பார்த்தார். நறநறவென்றது. முகம் கறுத்தது. ஆனால் லேசில் மசிகிற ஆளா அவர்? "மெட்டு ஏறட்டும், பார்ப்போம்" என்றார்.

"நீயும் ஏறு. கூட வந்தே பாரு."

பின்சீட்டில் வலது பக்கமாகவே உட்கார்ந்தார். அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டே வந்தார். முதல் கொண்டையூசி வளைவில் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவதில் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். காற்றுதான் கேட்டது. பத்துக்குமேல் நீட்டுவதை விட்டுவிட்டார். மகாராணி ஒவ்வொரு வளைவிலும் நிதானமாக இரண்டாவது கியருக்கு இறக்கி, கார் முனகாமல் எடுத்தாள். பதினேழாவது வளைவும் போனது. அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது.

போடிமெட்டில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினாள். ஜீப்காரர்கள் நாலைந்து பேர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். வீரையா இறங்கி வேட்டியை இறுக்கிக்கொண்டு, அவர்களுக்குக் கேட்கும்படியாகவே தங்கையிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடு தாயி. எறக்கத்துல பொம்பளைக்குச் சரிவராது. நான் ஓட்டுறேன்."

மகாராணி சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். டிரைவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். நகரவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

மெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை எஸ்டேட்டுக்குப் போகவேண்டிய இரண்டு பெண்கள், ஜீப் வராமல் காலையிலிருந்து காத்துக் கிடந்தவர்கள், கூடையோடு ஓடிவந்தார்கள். வேட்டி கட்டிய பெரிய மனிதரைப் பார்த்ததும் மூத்தவள் அவரிடம்தான் கேட்டாள்.

"டிரைவரண்ணே, வண்டி பூப்பாறை போகுமா?"

மகாராணி அண்ணன் முகத்தையே பார்த்தாள். ஜீப்காரர்களும் பார்த்தார்கள். வீரையா நீட்டிய கையை மெல்லக் கீழே இறக்கினார்.

"என்னைய எதுக்குக் கேக்குறீக?" என்றார். "வண்டிக்காரி அந்தா நிக்கிறா, அவளக் கேளுங்க."

"போகும், ஏறுங்க" என்றாள் மகாராணி.