கசியும் குழாய்

தெருவில் எல்லோர் வீட்டுக் குழாயும் ஒழுங்காக இருந்தது. பிளம்பர் வீட்டுக் குழாய் மட்டும் கசிந்தது. இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை. அவர் மனைவியே, டீச்சராக முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திய குரலில், "ஊரான் வீட்டுக்கு ஓடுறீங்களே, நம்ம வீட்டையும் கொஞ்சம் பாருங்களேன்!" என்று காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் நட்டை அவரேதான் கமுக்கமாகத் தளர்த்தி வைத்திருந்தார். இறுக்கினால் கசிவு நிற்கும், ஆனால் டீச்சரின் வீங்கிய விரல்களுக்கு அது திரும்பாது. அதனால் கேலியையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

அன்றைக்கு மூட்டுவாத ஆஸ்பத்திரியில் கேள்வித்தாளுக்கு ஒத்திகை. மூட்டுவாதக்காரர்களுக்கு எந்தெந்த வேலை முடியும் என்று அறிய வெளிநாட்டில் எழுதிய கேள்விகளை நம் ஆட்களுக்குப் பொருந்துமாறு மாற்றி, நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்கிறார்கள். குளிக்கும் தொட்டியில் இறங்க முடியுமா என்ற கேள்வியை எடுத்துவிட்டு, வாளியைத் தூக்க முடியுமா என்று போட்டிருந்தார்கள். இந்தப் பதில்களில் கஷ்டம் அதிகமென்று தெரிந்தால்தான் புதிய ஊசி கிடைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஊசியை நம்பித்தான் பிளம்பர் டீச்சரை அழைத்து வந்திருந்தார்.

"சார், நீங்க பக்கத்துல உக்காரலாம். ஆனா பதில் சொல்லக் கூடாது," என்றாள் கேள்வி கேட்ட பெண்.

டீச்சருக்குப் பரீட்சை என்றால் விடுவாரா? நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாளி தூக்க முடியுமாம்மா?"

"முடியும்." அரை வாளிக்கு மேல் நிரம்பாதபடி பிளம்பர் பார்த்துக்கொள்வது யாருக்குத் தெரியும்?

"டப்பா மூடி திறக்க?"

"ஒரு கஷ்டமும் இல்ல." எல்லா மூடியும் காலையிலேயே தளர்ந்திருக்கும்.

"குழாயைத் திறந்து மூட?"

"அதெல்லாம் நல்லாவே முடியும்."

பிளம்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். போச்சு, ஊசி போச்சு! இத்தனை நாள் தான் செய்ததே மனைவிக்கு எதிரியாகிவிட்டதே என்று நொந்துபோனார். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. மூலையில் இருந்த வாஷ்பேசினைக் காட்டி, "அந்தக் குழாயைத் திறக்கச் சொல்லுங்கம்மா," என்றார்.

"சார்!" என்றாள் அந்தப் பெண்.

டீச்சர் எழுந்திருக்கவே இல்லை. குழாயை ஒருமுறை பார்த்தார். "அது எனக்குத் திறக்காது."

"தொட்டே பாக்கலையேம்மா."

"எங்க வீட்டுக் குழாய் மட்டுந்தான் எனக்குத் திறக்கும். ஏன்னு எனக்குத் தெரியாதா?"

பிளம்பர் அசடு வழிந்தார். "தெரிஞ்சுமா தினம் அந்தத் திட்டு திட்டின?"

"திட்டலைன்னா எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே!" என்றவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா, இவர் வேலை வெட்டிய விட்டுட்டு என் பக்கத்துலயே உக்காந்துருவாரு. அப்புறம் வலி, இவர், ரெண்டு தொல்லையையும் யார் தாங்குறது?"

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. பிளம்பருக்கும் கண் கலங்கியது. ஒட்டடை இருக்கிறதா என்று பார்க்கிறவர் மாதிரி கூரையைப் பார்த்தார்.

அந்தப் பெண் முதலில் குறித்த பதில்களையெல்லாம் அழித்தாள். "அப்போ இது கஷ்டம்னுதாம்மா கணக்கு, இந்தக் கட்டத்துல வரும்," என்று படித்தாள். "பிறர் உதவியோடு மட்டுமே முடிகிறது."

"அப்படியே போடுங்க. வாளி, மூடி, குழாய் எல்லாத்துக்கும்." டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த 'பிறர்' வேணாம்மா. அதை மாத்துங்க."

"ஏம்மா, புரியலையா?"

"புரியுது. இவர் எப்படிம்மா பிறர் ஆவாரு?"

அந்தப் பெண் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, என்ன போடலாம் என்று பிளம்பரைக் கேட்டாள். இப்போது பதில் சொல்ல அனுமதி இருந்தும் அவர் எழுந்து போய், பையிலிருந்த ஸ்பேனரால் அந்த வாஷ்பேசின் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினார்.