கல்வெட்டில் என் பெயர்

முப்பது பெண்கள் இரண்டு லோடு ஆட்டோவில் சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். எல்லாரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், அன்றைக்குச் சம்பளம் போனால் போகிறது என்று கிளம்பி வந்தவர்கள். திங்கட்கிழமை, மனு வாங்குகிற நாள். எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் போகிற பாதையைத் திறந்துவிட வேண்டும் என்பது மனு. முதல் கையெழுத்து என்னுடையது: சோலையம்மாள், முன்னாள் வார்டு உறுப்பினர். வரப்போகிற தேர்தலில் ஊராட்சித் தலைவர் பதவிக்கும் நிற்கப்போகிறவள்.

எங்கள் ஊர் அச்சங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்தால் மேலெல்லாம் அலுமினியப் பொடி அப்பியிருக்கும். முன்பெல்லாம் நேரே கண்மாயில் முங்கி எழுந்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவோம். கம்பெனிக்காரர்கள் சுற்றுச்சுவர் கட்டியதில் பாதை சுவருக்குள் போய்விட்டது. இப்போது மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். குழாயில் நாலு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். என் நாத்தனார் மாரித்தாய்க்குக் கழுத்திலும் கையிலும் புண். ஒன்றரை வயது மகள் ஓடி வந்தால், தூக்கப் பயந்து விலகிப் போகிறாள்.

பாதையை அடைத்தது ஊர்க்காவலன். அப்போது ஊராட்சித் தலைவராக இருந்தவர் அவர்தானே, வேறு யார் விட்டிருப்பார்கள்? வீடு வீடாகப் போய் அதைத்தான் சொன்னேன். அந்த மனுஷனோ, ஊருக்குக் கம்பெனியைக் கொண்டுவந்தது தான்தான் என்று தெருத் தெருவாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனியே வேண்டாம் என்று நின்ற வீடுகளில் நாயாய் அலைந்து பேசிச் சரிக்கட்டியவள் நான். இருநூறு பேருக்கு வேலை வந்தது என்னால். நம்பாதவர்கள் கம்பெனி வாசலில் இருக்கிற கல்வெட்டைப் போய்ப் பார்க்கட்டும், கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது.

அதுவும் சும்மா வரவில்லை. திறப்பு விழாவுக்கு முன்னால் விசாரித்தால், கல்லில் முதலாளி தனுஷ்கோடி பெயர், ஊர்க்காவலன் பெயர், இன்னும் யார் யாரோ பெயர். நான் மட்டும் இல்லை. முதலாளி மகன் சூர்யபிரகாஷிடம் போய் ஒரு பாட்டம் சண்டை போட்டேன். அவர் சிரித்த முகமாக உட்காரவைத்துக் கலர் வாங்கிக் கொடுத்தார். பெயரும் இனிஷியலும் தப்பில்லாமல் வெட்ட வேண்டும், உங்கள் லெட்டர் பேடில் கையெழுத்தும் சீலும் போட்டு ஒரு தாள் கொடுங்கள் அக்கா என்றார்.

எங்கள் பக்கம் வார்டில் ஜெயித்தால் முதல் வேலையாகச் சிவகாசியில் லெட்டர் பேடு அடித்துவிடுவோம். நானும் ஐந்நூறு தாள் அடித்தேன், மேலே ரோஸ் பட்டையில் என் பெயர் பெரிதாக இருக்கும். ஒன்றரை வருஷமாக அதை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் சீல் குத்தி, நடுவில் ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தேன். கல்லில் பெயர் தப்பில்லாமல்தான் வந்தது.

சூலக்கரையில் ஐந்து பேரை மட்டும் உள்ளே விட்டார்கள். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். அதிகாரி நல்ல மாதிரி. மனுவைப் படித்ததும் பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னார். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு தாளில் நின்றார். மனுவையும் அந்தத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சோலையம்மாள்ங்கிறது நீங்கதானேம்மா?"

ஆமாம் என்றேன். அவர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார்.

மேலே ரோஸ் பட்டை. அதன் கீழே டைப் அடித்த நாலு வரி. எங்கள் வார்டில் உள்ள கண்மாய்ப் பாதையை மக்கள் யாரும் பயன்படுத்தவில்லை, அதைக் கம்பெனியின் சுற்றுச்சுவருக்குள் சேர்த்துக்கொள்வதில் மக்கள் சார்பில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கள்ளக் கையெழுத்து என்று கத்தத்தான் முதலில் வாய் வந்தது. ஆனால் கையெழுத்தின் கடைசியில் இழுத்த கோடு தாளின் ஓரம் வரைக்கும் போயிருந்தது. எங்கள் ஊரில் அப்படி இழுக்கிறவள் நான் ஒருத்திதான்.

பின்னால் நின்ற மாரித்தாய் என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எட்டவில்லை. ஊர்க்காவலன் பேர் இருக்கிறதா என்று காதுக்குள் கேட்டாள். இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது உண்மை.

"இல்ல. ஏம் பேருதான் இருக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வாசல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீகளா? கம்பெனியக் கொண்டாந்தது எங்க மதினிதான்னு கவர்மெண்டுத் தாள்லயே இருக்காம்."

வாசலில் கைதட்டினார்கள். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டார்.

நான் கோப்பைக் கையில் எடுத்தேன். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி முதல் வரியிலிருந்து படித்தேன். இரண்டாவது வரியில் கைதட்டல் நின்றது. ஆட்சேபணை இல்லை என்பதைப் படித்தேன். தேதியைப் படித்தேன். கீழே இருந்த என் பெயரையும், இனிஷியலோடு, விடாமல் படித்தேன். படித்து முடிப்பதற்குள் மாரித்தாய் என் தோளில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.