பிரதிஷ்டைக்கு வந்த ஸ்பீக்கர்

கல்யாண மண்டபக் கூரைகளில் ஊதா விளக்கு பதிப்பது என் தொழில். அப்படிப்பட்ட என்னிடம் போய், "சத்தமில்லாம, கண்ணு கூசாம ஒரு அறை வேணும், தங்கதுரை" என்றார் கிருபாபாய் டீச்சர்.

அவர் மகள் ஜெப்ஸிக்கு ஆட்டிசம். வயது இருபது. மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் இடிப்பாள். இந்த அறையும் சரிவரவில்லை என்றால் மதுரையில் ஒரு இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று அவள் அண்ணன் பெவின் முடிவு செய்திருந்தான்.

சுவருக்குச் சிப்பிச் சுண்ணாம்பு, அதன்மேல் தேங்காய் நார்ப் பலகை, தரைக்குக் கோரைப்பாய். எல்லாம் ஜெப்ஸி கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. நான் காட்டிய மினுமினுப்புப் பலகையை என் மேலேயே எறிந்தாள். ரசனையுள்ள பிள்ளை.

புது அறையை ஜெபிக்காமல் திறக்கலாமா? சபையே பிரதிஷ்டைக்கு வந்து முற்றத்தில் கூடியது. "வெறுங்கையோட பாடுனா நல்லாருக்காது" என்று கீபோர்டும் ஸ்பீக்கரும் பிடித்து வந்த புத்திசாலி வேறு யார்? நான்தான்.

ஸ்பீக்கர் 'கீச்' என்று அலறியது. ஜெப்ஸி கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு வாசல் கேட்டை நோக்கி ஓடினாள். வெளியே துறைமுகத்து லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

பாய்ந்த பெவினின் சட்டையைப் பிடித்து இழுத்தார் டீச்சர். "ஏலே, துரத்தாத! துரத்துனா ரோட்டுல இறங்கிருவா."

"அப்ப சும்மா நிக்கச் சொல்லுதியாம்மா?"

"நிக்காத. உக்காரு."

நான் வயரைப் பிடுங்கினேன். வெள்ளை அங்கியோடு பாஸ்டர் முதலில் மண்ணில் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும். நான் உட்காரும்போது முட்டி 'டக்' என்றது. அவ்வளவு பெரிய சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

ஜெப்ஸியின் கை கேட்டின் கொண்டியில் இருந்தது. கொண்டி பாதி திறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவள் அப்படியே குறுகிப்போனாள். மெல்லத் திரும்பினாள். சபை மொத்தமும் உட்கார்ந்தபடியே நகர்ந்து வழிவிட்டது. காதைப் பொத்தியபடி நடந்து, பெவினின் காலைத் தாண்டி, அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

"உள்ள தலைய இடிச்சான்னா?" பெவின் கதவுப் பக்கம் வந்தான்.

டீச்சர் கதவில் காதை வைத்தார். "ஒண்ணும் கேக்கலயே, தங்கதுரை!"

கேட்காது. நான் அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தேன். ஆயுளில் முதல்முறையாக என் வேலையை நானே சபித்தேன்.

கதவு விரலளவு திறந்தது. யாரோ உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் பூங்கொத்து வெளியே வந்து விழுந்தது. இடுக்கில் ஜெப்ஸியின் நெற்றி தெரிந்தது, காயமில்லை. அவள் கைகள் இப்போது காதில் இல்லை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

பாஸ்டர் வாயைத் திறக்காமலே ஜெபித்து முடித்தார்.

பெவின் போனை எடுத்து மதுரைக்கு அடித்தான். கிசுகிசுத்தான். அந்தப் பக்கம் கேட்கவில்லை போல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனவன், லாரி இரைச்சலுக்கு நடுவே கத்தினான்:

"அவ வரல சார்! இங்கனயே இருக்கா!"