கேப்டன் பூப்பறிக்கப் போயிருக்கிறார்

என் கணவர் கியூமர்ஸ் பதினேழு வருஷமாக ஷாலீஸார் அணியில் விளையாடுகிறார். வலது பக்கத் தடுப்பாட்டக்காரர். பத்து வருஷமாக கேப்டன். இத்தனை வருஷத்தில் எதிரணியின் கோலுக்குள் ஒரு பந்தைக்கூட அவர் அனுப்பியதில்லை. எங்கள் கோலுக்குள்ளேயே மூன்று அனுப்பியிருக்கிறார். அதை நான் சேர்த்துக்கொள்வதில்லை, ஊர்தான் மறக்காமல் சேர்த்துக்கொள்கிறது.

தடுப்பாட்டக்காரன் கோல் போடவில்லை என்று யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் இவருக்கு ஒரே ஒரு கோல் போட்டுவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. வாயைத் திறந்து சொல்ல மாட்டார். தூக்கத்தில் உதைப்பார், என் முழங்காலுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. வாயெல்லாம் பற்பசை நுரையோடு, கண்ணாடி முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சத்தம் வராமல் "கோல்" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் பார்க்காதவள் போல அடுக்களைக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

கோல் வராததற்குக் காரணம் அவர் கால் இல்லை, அவருடைய மரியாதை. யாராவது ஒன்றை நீட்டினால் இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது தடவைதான் வாங்க வேண்டும். தேநீரானாலும் அப்படித்தான், வீடானாலும் அப்படித்தான். தாரோஃப் என்கிற இந்த உபசாரம் ஈரானியர்கள் எங்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். இவருக்கு மட்டும் அது வியாதி. போன மார்கழிக் குளிரில் இவரும் என் அண்ணனும் கொட்டும் மழையில் வாசலில் நின்றுகொண்டு "நீங்க முதல்ல", "ஐயோ, நீங்கதான் முதல்ல" என்று ஆரம்பித்தார்கள். உள்ளே வந்தபோது கக்கத்தில் இருந்த ரொட்டி கூழாகியிருந்தது.

மைதானத்திலும் இதே கதைதான். தோற்றால் வெளியே என்கிற ஹஸ்ஃபி கோப்பை ஆட்டம் ஒன்றில், கோலி விழுந்து கிடக்க, கோல் வாசல் திறந்து கிடக்க, பந்து இவர் காலில். இவர் நிமிர்ந்து பார்த்து, கோலுக்கு இன்னும் அருகில் நின்ற, தன்னைவிட இரண்டு வயது மூத்த ஒருவருக்குத் தள்ளிவிட்டார். அவர் ஆஃப்சைடில் நின்றிருந்தார். கோல் இல்லை. நாங்கள் வெளியே. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "அவர் நிக்கும்போது நான் எப்படி மஹ்லகா?" என்றார். இந்த மனிதரை என்ன செய்வது?

போன வெள்ளிக்கிழமை அவருடைய கடைசி ஆட்டம். மாகாண லீக்கின் கடைசி ஆட்டமும் அதுதான். மொர்வாரித் அணி பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்தது. அவர்களும் பட்டியலின் நடுவில், நாங்களும் நடுவில். ஜெயித்தாலும் தோற்றாலும் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. இவருக்கு முப்பத்தெட்டு வயது, முட்டியில் இரண்டு தையல். இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை.

எங்கள் வீட்டு பால்கனிக்கு நேர் கீழே மைதானத்துச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் கோல். பக்கத்து வீட்டு எஃபத் அக்கா சூரியகாந்தி விதைப் பையோடு மதியமே வந்து இடம் பிடித்துவிட்டாள். மழை விட்டிருந்தது. கோல் முன்னால் ஒரு குட்டை, வாத்து விடலாம்.

"இன்னைக்காவது போடுவாரா?" என்றாள் எஃபத், தோலைத் துப்பிக்கொண்டே.

"போடுவாரு."

"ஹும். போன வாரம் எங்க வீட்டு ஹீட்டர ரிப்பேர் பண்ணிக் குடுத்தாரு, ஒரு டீ குடிக்கச் சொன்னேன். வேணாம் வேணாம்னு ரெண்டு தடவ சொன்னாரு. மூணாவது தடவ நான் கேக்க மறந்துட்டேன். பாவம், வாசல்லயே நின்னுட்டிருந்தாரு."

எண்பத்தைந்தாவது நிமிடம். நாங்கள் மூன்று, அவர்கள் பூஜ்யம். அப்போது எங்கள் முன்கள ஆள் அர்வினை, கோல் பெட்டிக்குள் வைத்து இடறிவிட்டார்கள். பெனால்டி!

அர்வினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா அம்மா எங்கள் ஊர்க்காரர்கள், பையன் பிறந்து வளர்ந்தது ஜெர்மனியில். வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. தங்கமான பிள்ளை, நம் மொழியை வெண்ணெயாகப் பேசுவான். பெனால்டி கிடைத்தால் கேப்டன்தான் அடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர் நுஸ்ரத் காலையிலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். கேப்டன் இரண்டு தடவை மறுப்பார் என்பதை மட்டும் யாரும் அர்வினிடம் சொல்லவில்லை. தண்ணீர் நனைக்கும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

பையன் சேற்றிலிருந்து எழுந்து பந்தை எடுத்துக்கொண்டு நேரே இவரிடம் வந்தான்.

"கேப்டன், இது உங்களோடது. அடிங்க."

"ஐயோ, என்னப்பா இது. அடி வாங்கினது நீ. நீயே அடி."

கூட்டம் இதற்காகவே காத்திருந்தது. எங்கள் கல்யாணங்களில் சம்மதமா என்று முதல் தடவை கேட்கும்போது பெண் வாயைத் திறக்க மாட்டாள், தோழிகள்தான் "பொண்ணு பூப்பறிக்கப் போயிருக்கா" என்பார்கள். இரண்டாம் தடவை, பன்னீர் கொண்டு வரப் போயிருக்கிறாள். மூன்றாம் தடவைதான், பெரியவர்கள் அனுமதியோடு என்று சொல்லிச் சம்மதம் தருவாள். அறுநூறு தொண்டைகள் ஒன்றாகக் கத்தின:

"கேப்டன் பூப்பறிக்கப் போயிருக்காரு!"

நானும் எஃபத்தும் சேர்ந்துதான் கத்தினோம். இவர் முகத்தில் வெட்கமும் சிரிப்புமாக, அடுத்த தடவை கேட்பதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சரி கேப்டன், ரொம்ப நன்றி" என்றான் அர்வின். பந்தைப் புள்ளியில் வைத்தான்.

எஃபத்தின் வாயிலிருந்த விதை கீழே விழுந்தது. நுஸ்ரத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. அர்வின் ஓடி வந்து உதைத்தான். மொர்வாரித் கோலி தைமூர் பாய்ந்து தட்டிவிட்டார். சொந்த அணி பெனால்டியை விட்டதற்கு ஊரே கைதட்டியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குள் விசில். உதைக்கும் முன்பே தைமூர் கோட்டை விட்டு முன்னால் வந்துவிட்டாராம். திரும்ப அடிக்க வேண்டும்!

நான்கு பேர் அர்வினைச் சூழ்ந்துகொண்டார்கள். நான்கு பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். விரலை விட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினார்கள். பையனுக்கு முகம் மாதுளம்பழமாகிவிட்டது. பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்து இவர் முன்னால் சேற்றில் மண்டியே போட்டுவிட்டான்.

"கேப்டன், தெரியாம பண்ணிட்டேன், மன்னிச்சிருங்க. நீங்கதான் அடிக்கணும்."

"எழுந்திருப்பா, எழுந்திரு. நீயே அடி."

"கேப்டன் பூப்பறிக்கப் போயிருக்காரு!"

"கேப்டன், கெஞ்சிக் கேக்கறேன்."

"வேணாம்ப்பா, உன் கால் இளங்கால்."

"கேப்டன் பன்னீர் கொண்டுவரப் போயிருக்காரு!"

"கேப்டன், உங்க கால் தூசு நான். அடிங்க."

மூன்று! இவர் வாயைத் திறந்தார். நான் பால்கனிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து கோலி தைமூர் கோலை விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்து வந்தார்.

"கேப்டன், கடைசி ஆட்டம்னு சொன்னாங்க. இந்தக் கோல் என்ன பெரிய கோல், உங்களுக்கு முன்னால இது ஒரு பொருட்டே இல்ல. எந்தப் பக்கம் வேணும்னு சொல்லுங்க, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

முடிந்தது. விருந்தாளி உபசாரம் செய்துவிட்டார். எண்ணிக்கை மறுபடியும் முதலிலிருந்து.

"என்ன சொல்றீங்க! நீங்க எங்க ஊருக்கு வந்த விருந்தாளி. நீங்க புடிங்க, அதுதான் எங்களுக்குப் பெருமை."

"இல்ல இல்ல, நீங்க போடுங்க, அதுதான் எனக்குப் பெருமை."

"அட, என்ன மனுசங்கப்பா" என்றாள் எஃபத், கண் கலங்கி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வழியாகத் தைமூரைக் கோலுக்கு விரட்டினார். பந்து புள்ளியில். இவர் பந்துக்குப் பின்னால். விசிலை வாயில் வைத்த நடுவர், என்ன நினைத்தாரோ, அதை எடுத்துவிட்டார்.

"கேப்டன், உங்களுக்கு வசதிப்படும்போது சொல்லுங்க. அப்புறம் ஊதறேன்."

"ஐயோ, நீங்க ஊதுங்க சார். நான் சொல்லி நீங்க ஊதறதா?"

"பரவால்ல, உங்க இஷ்டம்."

"இல்ல, உங்க இஷ்டம்."

எனக்குள் பதினேழு வருஷமாக மூடி போட்டு வைத்திருந்த ஏதோ ஒன்று பொங்கிவிட்டது. பால்கனியில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு கத்தினேன். தெரு முனைக்குக் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"யோவ் கியூமர்ஸ்! அடிச்சுத் தொலையேன்யா!"

நடுவர் பயத்தில் விசிலை ஊதிவிட்டார். இவர் பயத்தில் உதைத்துவிட்டார்.

பந்து கம்பத்தில் மோதியது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. நான்தான் கெடுத்தேன். இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் மனிதர் நிதானமாக அடித்திருப்பார். எஃபத் என் கையைப் பிடித்தாள். தட்டிவிட்டேன்.

கம்பத்தில் பட்ட பந்து திரும்பி வந்து கோல் முன்னாலிருந்த குட்டையில் சொத்தென்று விழுந்து நின்றது. தைமூர் தப்பான பக்கம் பாய்ந்து சேற்றில் குப்புறக் கிடந்தார். ஓடி வந்த வேகத்தில் இவர் பந்தின் தலைமாட்டில் நின்றார். கோல் காலி. ஊரே எழுந்து நின்றது.

இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்.

"வேணாம்! நான் தொடக்கூடாது!"

உண்மைதான். பெனால்டி அடித்தவன், வேறு யாராவது பந்தைத் தொடும்வரை மறுபடி தொடக்கூடாது. சட்டம் அப்படி. ஆனால் இந்த மனிதர் வேண்டாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"கேப்டன் பூப்பறிக்கப் போயிருக்காரு!"

"யோவ், நிஜமாவே வேணாம்யா!"

"கேப்டன் பன்னீர் கொண்டுவரப் போயிருக்காரு!"

பந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்ட அர்வினைப் பார்த்து இவர் கதறினார். "அர்வின், நீ அடிடா! சீக்கிரம்!"

பையன் நெஞ்சில் கையை வைத்து, தலையைத் தாழ்த்தி, "உங்களுக்கு முன்னாலயா? மாட்டேன் கேப்டன்" என்றான். இரண்டே நிமிடத்தில் முழு ஈரானியன் ஆகிவிட்டான்.

இவருக்கு அழுகை வந்துவிட்டது. கோலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நடுவரிடம் ஓடினார். "சார், நீங்களாவது சொல்லுங்க சார், சட்டப்படி நான்..." அந்த நொடியில்தான் மொர்வாரித்தின் தடுப்பாட்டக்காரன் ஒருவன், மைதானத்திலேயே ஆட்டம் ஞாபகமிருந்த ஒரே ஆள், ஓடி வந்து பந்தைக் குட்டையிலிருந்து வெளியேற்ற ஓங்கி ஒரு உதை விட்டான். அது நேராகப் போய் என் கணவரின் பிருஷ்டத்தில் பட்டது. பட்ட வேகத்தில் திரும்பியது. எழுந்துகொண்டிருந்த தைமூரின் தலைக்கு மேலே போய் வலைக்குள் விழுந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இவர் வலியில் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு நுஸ்ரத்தான் தொப்பியை வானத்தில் எறிந்தார். எதிராளி தொட்டுவிட்டான். சட்டப்படி கோல்!

பெண்கள் பால்கனிக்குப் பால்கனி குலவையிட்டார்கள். ஆண்கள் சுவரேறிக் குதித்தார்கள். நடுவர் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இது யாரோட கோல்னு எழுதட்டும்?"

அந்தத் தடுப்பாட்டக்காரன் முந்திக்கொண்டான். "கேப்டனோடதுதான் சார். என்னுது வெறும் உதவி."

அவ்வளவுதான். இவரைத் தெரியாதா எனக்கு? இல்லை தம்பி உன்னுடையதுதான் என்பார். சொந்தக் கோல் என்று அவன் பேரில் எழுதிவிடுவார்கள். வாழ்நாளுக்கும் ஒரு கோல், அதையும் தாரை வார்த்துவிட்டு வந்து இரவெல்லாம் என்னை உதைப்பார். கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். கத்தித்தானே போன தடவை கெடுத்தேன்? இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவர் தலையைத் தூக்கி பால்கனியைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். கூட்டம் பூப்பறிக்கத் தயாராக மூச்சை இழுத்தது.

"என்னோடது" என்றார் என் கணவர். "என் பேரை எழுதுங்க சார்."

மறுப்பு இல்லை, குழைவு இல்லை, பெரியவர்கள் அனுமதி இல்லை. முதல் தடவையிலேயே. இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அறுநூறு பேரும் நின்றார்கள். நான் வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

நடுவர் எழுத ஆரம்பித்தார். இவர் அவர் காதருகே குனிந்தார். அவ்வளவு அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க பட்டுச்சுன்னு மட்டும் எழுதாதீங்க சார்."