அந்தப் பக்கம் பிடிக்க ஒரு ஆள்

1

இந்தக் கதை என் காரின் பம்பரில் தொடங்கியது. என்னுடையது சாதாரணக் கார். ஒரு தூணை நான் பார்க்கவில்லை. தூண் என்னைப் பார்த்துவிட்டது. (இந்த வாக்கியத்தை என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. தூண் அங்கேயேதான் இருந்தது என்கிறாள். இருந்தாலும் வைத்துக்கொள்கிறேன்.)

பம்பர் மாற்றப் போன பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போது இரண்டு பெண்கள் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கம் முழுவதையும் ஒரே துண்டாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கட்டில் அகலம் இருக்கும். ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். இருவரும் வாயைத் திறக்கவில்லை. "தூக்கு" இல்லை, "மெதுவா" இல்லை, "ஒண்ணு, ரெண்டு" இல்லை. ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள், பேனல் எழும்பியது.

அதை ஸ்டாண்டில் வைத்த பிறகு சின்னவள் சொன்னாள்: "அக்கா, அடுத்த மாசம் அங்க வந்து சேரச் சொல்லிட்டாங்க."

பெரியவள் சொன்னாள்: "சரி. அந்த டேப்பை எடு."

என் காதில் விழுந்தது இவ்வளவுதான். இனி வருவதில் பெரும்பகுதி என் கைச்சரக்கு.

2

முதல் வரி வேண்டும். எழுதிப் பார்த்தவை இவை.

"காலை வெயில் பட்டறையின் சன்னல் வழியாக" — பட்டறைக்குச் சன்னலே கிடையாது. ஷட்டர்தான்.

"அந்தச் சிவப்புக் கார் ஒரு சிறுத்தையைப் போல" — வேகமான காரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சிறுத்தையைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதுவும் பாவம், எத்தனை இடத்துக்குத்தான் போகும்.

"உடன்பிறந்தவர்களின் பாசம் என்பது" — இதை எழுதிய கையை நானே தட்டிவிட்டேன்.

கடைசியில் தேறியது இது:

பின் பேனலைக் கழற்ற வேண்டுமானால் முதலில் பின்விளக்கைக் கழற்ற வேண்டும். விளக்கு இருந்த குழிக்குள் கையை விட்டால்தான் முதல் போல்ட் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது. பெரியவள் கண்ணை மூடிக்கொண்டுதான் அதைக் கழற்றுவாள். திறந்து வைத்திருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

[இடையில் ஒரு விளக்கம். இந்த வகைக் காரில் எஞ்சின் முன்னால் இருக்காது. பானட்டைத் திறந்தால் ஒரு பெட்டி வைக்க இடம் இருக்கும், அவ்வளவுதான். எஞ்சின் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதில் பெரிய வேலை என்றால் காரின் பின்சட்டையை மொத்தமாகக் கழற்ற வேண்டியதுதான். இது எனக்கும் அந்த நாற்காலியில்தான் தெரிந்தது. தெரிந்த தோரணையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

பெரியவள் கதவோரங்களில் காகித டேப் ஒட்டினாள், பெயின்டில் கீறல் விழாமல் இருக்க. சக்கரத்துக்கு மேலே இருந்த உள்தகட்டைக் கழற்றினாள். ஓர் அட்டையில் பேனலின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே குத்தி வைத்தாள். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு போல்ட்டும் ஒன்றில்லை என்பது அவள் கட்சி. எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்தத் துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.

பேனல் ஃபைபர். கனமில்லை. பலசாலி ஒருவர் தனியாகவே தாங்கிவிடலாம். ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் முந்தினால் மறுபக்க மூலை கதவை உரசும். அதனால் வேண்டியது பலம் இல்லை, அந்தப் பக்கம் பிடிக்க ஓர் ஆள். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் சின்னவள். அவள் இப்போது வேறு ஊரில், பெரிய கம்பெனி ஒன்றின் டிங்கரிங் பிரிவுக்குப் போகப் போகிறாள்.

தங்கை போகக் கூடாது என்பது பெரியவளின் ஆசை. அதைச் சொல்ல அவளுக்கு வரவில்லை. கதை இவ்வளவுதான்.

3

இங்கே என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"இவ ஏன் இப்படி அழுத்தக்காரியா இருக்கா? 'போகாதடி'ன்னு சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்திடுமா?"

எனக்கும் அதே சந்தேகம்தான். ஒரு காரணம் கொடுத்துப் பார்த்தேன்: (சிறு வயதிலேயே தாயை இழந்த இருவரும் — ) வேண்டாம். கதைக்காரர்களுக்குக் காரணம் கிடைக்காதபோதெல்லாம் யாராவது ஓர் அம்மா உயிரை விட வேண்டியிருக்கிறது. இவர்களுடைய அம்மா நன்றாகவே இருக்கிறார். பட்டறைக்குப் போன் செய்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்கிறார். இருவரும் ஆயிற்று என்கிறார்கள். ஆகியிருக்காது.

பிறகு பேனல் தூக்கியதை நினைத்துப் பார்த்தேன். பேசாமல் தூக்குவது இருவருக்கும் பெருமை. மற்ற பட்டறைகளில் கத்திக்கொண்டு தூக்குவார்கள். இங்கே சத்தமே இருக்காது. வேலையில் பெருமையாக இருந்தது வேலைக்கு வெளியே பழக்கமாகிவிட்டது. சொல்லாமலே தெரியும் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேனல் விஷயத்தில் தெரியத்தான் செய்கிறது.

மனைவியிடம் இதைச் சொன்னேன். "நம்ம வீட்டைப் பத்தி எழுதுறியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

4

எஞ்சின் வேலை முடிந்தது. பேனலை மாட்ட வேண்டும்.

மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் முறுக்கி விட வேண்டும். இதற்குக் கைமுறுக்கு என்று பெயர். பேனல் கொஞ்சம் அசையும். அப்படியும் இப்படியும் நகர்த்தி, கதவுக்கும் பேனலுக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல ஆன பிறகுதான் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். முதலிலேயே ஒன்றை இறுக்கினால் மற்றதெல்லாம் கோணும்.

சின்னவள் வலப்பக்கம் போல்ட்டைக் கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்திலிருந்து, போல்ட்டை இறுக்கும் ராட்செட்டின் சத்தம் வந்தது.

"அக்கா, என்ன பண்ற?"

"இறுக்குறேன்."

"இங்க இன்னும் போட்டு முடிக்கவே இல்ல."

"ஓ."

இடப்பக்க இடைவெளியில் நகம் நுழையவில்லை. வலப்பக்கம் விரலே போனது.

"கை தவறிடுச்சு" என்றாள் பெரியவள்.

"உனக்கா?"

"எனக்குத்தான். பிடி, கழட்டிடலாம்."

கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் போல்ட்டைத் தளர்த்தியிருந்தாலே போதும். இது பெரியவளுக்குத் தெரியும். சின்னவளுக்கும் தெரியும். இருவரும் பேனலைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்துவிட்டு, கை கழுவி, வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் மாட்டினார்கள். இந்தத் தடவை எல்லாம் கைமுறுக்கு, எல்லாம் ஒழுங்கு. இறுக்கி முடித்து விளக்கைப் போட்டால், நம்பர் பிளேட் விளக்கு எரியவில்லை. அதன் ஒயரைப் பேனலை இறக்குவதற்கு முன்னாலேயே சொருக வேண்டும். இறக்கிய பிறகு அங்கே கை போகாது. அது வலப்பக்கத்து வேலை.

"மறந்துட்டேன்க்கா."

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். இதற்கு முன் சின்னவள் எதையும் மறந்ததில்லை.

"பரவாயில்ல. பிடி."

அடுத்த நாள் கார்க்காரர் வந்தார். அவர் பல் டாக்டர். நாள் முழுவதும் இடைவெளி பார்க்கிற கண்.

"நேத்து மாட்டியிருந்துச்சே?"

"ஆமா டாக்டர்."

"இப்ப ஏன் கழட்டியிருக்கு?"

"மாட்டுறதுக்குத்தான்" என்றாள் சின்னவள்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டார். நோயாளிகளிடம் அவரும் இப்படித்தான் பதில் சொல்வார் போலிருக்கிறது.

ஆனால் இதை நீட்டிக்கொண்டே போக முடியாது. ஃபைபரில் உள்ள துளை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும். விளையாட்டுப்போலக் கழற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் எந்தப் போல்ட்டும் பிடிக்காது. மூன்றாவது தடவை இருவரும் ஒழுங்காக மாட்டினார்கள். ஒயர் சொருகியாயிற்று. விளக்கு எரிந்தது. இரண்டு பக்கமும் இடைவெளி ஒன்றுபோல இருந்தது. டேப்பை உரித்தார்கள்.

சின்னவள் கையைத் துடைத்த துணியை மடித்தாள். அழுக்குத் துணியை யாரும் மடிப்பதில்லை.

"வேற ஏதாவது இருக்கா அக்கா?"

"இல்ல" என்றாள் பெரியவள்.

5

முடிவுகள்.

(அ) சின்னவள் போகவில்லை. எழுதினேன், எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அடுத்த பத்தியில் அவள் ஒரு ஸ்பேனரைக் கொஞ்சம் வேகமாக வைத்தாள். அதற்கடுத்த பத்தியில் இன்னும் கொஞ்சம் வேகமாக. இது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தது, நிறுத்திவிட்டேன்.

(ஆ) சின்னவள் போனாள். புதிதாக வந்த ஆள் பேனலைக் கீழே போட்டான், பெரியவள் உடைந்த துண்டுகளுக்கு நடுவே — இல்லை. ஒரு கண்ணீருக்காக அத்தனை பெரிய பேனலை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. பல் டாக்டர் என்ன பாவம் செய்தார்.

(இ) பெரியவளும் பட்டறையை மூடிவிட்டுத் தங்கை பின்னாலேயே — என் மனைவி கொட்டாவி விட்டாள்.

6

அடுத்த மாதம்தான் பம்பர் தயார் என்று போன் வந்தது. போனேன்.

பெரியவள் மட்டும் இருந்தாள். கதையில் வருகிறவள் அல்ல, நிஜத்தில் இருக்கிறவள். அதே சிவப்புக் கார் பின்சட்டை இல்லாமல் நின்றது. பேனல் ஸ்டாண்டில் இருந்தது.

"சார், அவசரமா?"

"இல்லைங்க."

"அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? வாட்ச்சைக் கழட்டிடுங்க. பெல்ட் பக்கிளையும் திருப்பி விட்டுக்குங்க, பெயின்ட்ல கோடு விழுந்திடும்."

நான் போய் நின்றேன். எழுதும்போது இந்தப் பேனலைப் பல தடவை தூக்கியிருக்கிறேன். கையில் பிடித்தபோது அப்படி இல்லை.

"நான் சொல்றப்போ தூக்குங்க. இப்போ. உங்க பக்கம் ஏறிடுச்சு, கொஞ்சம் இறக்குங்க. இன்னும் கொஞ்சம். நில்லுங்க. என் பக்கம் வாங்க. கதவைப் பாத்து. ம்."

பேனல் காரின் மேல் உட்கார்ந்தது. அவள் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையால் விளக்குக் குழிக்குள் போல்ட்டைத் தேடினாள். நான் அசையாமல் பிடித்திருந்தேன்.

"இவ்வளவு பேசி இதை நான் மாட்டினதே இல்ல சார்" என்றாள்.

என் கதையில் பேனலை மூன்று தடவை கழற்றினார்கள். நிஜத்தில் ஒரு தடவைதான். நிஜத்தில் யாருக்கும் கை தவறவில்லை, யாரும் ஒயரை மறக்கவில்லை. சின்னவள் போக வேண்டிய நாளில் போய்விட்டாள்.

"ஒண்ணு கேக்கவா சார்?"

"கேளுங்க."

"இருந்துடுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இருந்திருப்பாளா?"

அவள் முகம் பேனலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"தெரியலைங்க" என்றேன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எனவே உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. நான்காம் பகுதியின் கடைசி வரிக்குப் போங்கள். "வேற ஏதாவது இருக்கா அக்கா?" என்று சின்னவள் கேட்கிறாள். பெரியவள் "இல்ல" என்கிறாள். மற்ற வரிகளையெல்லாம் ராட்செட் போட்டு இறுக்கிவிட்டேன். அந்த ஒரு சொல் மட்டும் கைமுறுக்கில் இருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், விரலாலேயே கழன்றுவிடும். கழற்றிவிட்டு உங்களுக்கு எது பொருந்துகிறதோ அதை மாட்டலாம். அதையே திரும்ப மாட்டினாலும் சரி. எதைப் போட்டாலும் சுற்றியுள்ள இடைவெளிகளை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மாற்றினால் எல்லாம் கொஞ்சம் நகரும்.

உதவிக்கு நான் வர முடியாது. அந்தப் பக்கம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. "விடுங்க" என்று அவள் இன்னும் சொல்லவில்லை.